பதிவுத் தபாலில் ஒரு கேன்சல்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்காமல் ஆரம்பித்தால் அம்மா பேனாவைப் பிடுங்கிவிடுவாள், அதனால் கேட்டாயிற்று. அவளுடைய முழங்கால் முன்பெல்லாம் மழை வந்தால்தான் வலிக்கும். இப்போது வெயிலுக்கும் வலிக்கிறது.

அம்மாவிடம் மட்டும் போனில் பேசு, என்னிடம் எழுது என்று சொன்னது நான்தான். அப்பா போன பிறகு போனில் நாம் போட்ட சண்டையைப் பக்கத்து டயர் கடைக்காரர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். கடிதத்தில் ஒரு வசதி இருக்கிறது. நான் திட்டி முடிக்கும்வரை உன்னால் குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். ஏசி பட்டறை ஓடுகிறது. கோடைக்கு முன்பே அழைப்புகள் குவிகின்றன. நான்கு மெக்கானிக்கும் நிற்க நேரமில்லாமல் சுற்றுகிறார்கள். ஆனால் கையில் காசு நிற்கவில்லை. ஆடிட்டர் வந்து கணக்கைப் பார்த்துவிட்டு, "ஆள்தாம்மா உங்க பெரிய செலவு. ஜூன் முடியறதுக்குள்ள ஒருத்தரை நிறுத்துங்க. அதான் மென்பொருள் இருக்கே, அது பாத்துக்கும்" என்றார். இந்தப் படித்தவர்கள் அகராதியில் ஆள் என்றால் எப்போதும் செலவு. கம்ப்யூட்டருக்குள் இருப்பது மட்டும் முதலீடு. இரண்டும் ஒரே பையிலிருந்துதான் போகிறது.

கோபத்தில் பட்டறையின் கார்டு பில்லை எடுத்து வரி வரியாகப் பார்த்தேன். தலை சுற்றிவிட்டது. மெக்கானிக்குகளை அனுப்ப ஒரு மென்பொருள், வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒன்று, பில் போட ஒன்று, கையெழுத்து வாங்க ஒன்று, படம் சேமிக்க ஒன்று, யாருமே நடத்தாத மீட்டிங்குக்கு ஒன்று. எப்போதோ ஒரே ஒரு விளம்பரப் படம் செய்ய இலவசமாகச் சேர்ந்தது ஒன்று. இலவசம் முடிந்ததை யாரும் கவனிக்கவில்லை, அவர்களைத் தவிர. இத்தனைக்கும் கடவுச்சொல்லைப் பூட்டி வைக்கத் தனியாக ஒரு மென்பொருள். அதைத் திறக்கும் கடவுச்சொல்லை மெக்கானிக் ஸ்பேனர் அண்ணன் காஸ் சிலிண்டருக்கு மேலே சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் டீக்காசுதானே என்று சேர்ந்தோம். கூட்டிப் பார்த்தால் டீக்கடையே வாங்கலாம்.

முடிவு செய்துவிட்டேன். ஆளைக் குறைப்பதற்கு முன் இவற்றைக் குறைப்பேன். நீ பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் வாடிக்கையாளர் உறவு என்று கோப்பு பார்க்கிறாய். எங்கே ஆரம்பிப்பது என்று எழுது.

அப்பா இறந்தபோது நீ எழுதிய கடிதத்தின் வரியைப் பெரிய எழுத்தில் எழுதி கம்ப்ரஸர் மேல் ஒட்டியிருக்கிறேன். "அவர் கை தொட்டது எதுவும் நின்றுபோகாது." உருப்படியாக நீ எழுதிய ஒரே வரி.

அன்புடன்,
அக்கா

•

பிப்ரவரி 24

அன்புள்ள அக்கா,

நான் நலம், தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. வெந்நீர் குடிக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே, மருந்து எழுதி இன்னொரு கடிதம் வரும்.

நீ ஆரம்பித்தது நல்ல காரியம். நான் சொல்வதை அப்படியே செய்.

முதலில் எதையும் நிறுத்தாதே. உள்ளே இருக்கும் உன் தகவல்களை எல்லாம் வெளியே எடுத்து இறக்கி வை. கஸ்டமர் பெயர், முகவரி, எந்த மெஷினுக்கு எப்போது காஸ் அடித்தீர்கள், எல்லாம். நிறுத்திய பிறகு கேட்டால் உன் வீட்டுச் சாமானுக்கே உன்னிடம் வாடகை கேட்பார்கள்.

கேன்சல் பொத்தான் கண்ணில் படாது. 'கணக்கு' என்பதற்குள் போ. 'திட்டத்தை மேம்படுத்து' என்று பெரிதாக மின்னுவதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், தூசி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். பொத்தானே இல்லாத கம்பெனிக்குப் போன் செய்ய வேண்டும். மாதக் கடைசியில் கூப்பிடாதே. அப்போது எதிர்முனையில் இருப்பவன் எத்தனை பேரைப் போகவிடாமல் பிடித்தான் என்று கணக்குக் காட்ட வேண்டிய நேரம், உடும்புப் பிடியாகப் பிடிப்பான். முதல் வாரம் கூப்பிடு. விலை அதிகம் என்று மட்டும் சொல்லாதே. சொன்னால் தள்ளுபடி வரும். தள்ளுபடி என்பது தூண்டில். "எங்களுக்கு இது தேவையில்லை" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள். காரணம் கேட்பார்கள், சொல்லாதே. நீ சொல்கிற ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்கள் திரையில் ஒரு பதில் எழுதியிருக்கும். மௌனத்துக்குப் பதில் எழுதி வைக்கவில்லை.

நிறுத்தச் சொல்வது யாரை? நீ எழுதவில்லை.

இப்படிக்கு,
தம்பி

பி.கு.: பட்டறையில் போன் எடுக்கிற ரேடியோ எப்படி இருக்கிறாள்? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

•

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம், குறிப்பாக நான். வேட்டை அமோகம்.

மீட்டிங் மென்பொருள் ஒழிந்தது. விளம்பரப் படம் ஒழிந்தது. வண்டி பார்ப்பது ஒழிந்தது. ஸ்பேனர் அண்ணனை எதற்கு வானத்திலிருந்து பார்க்க வேண்டும்? போன் செய்தால் எங்கே நிற்கிறேன் என்று அவரே ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்கிறார். கையெழுத்து மென்பொருள்காரன்தான் விடாப்பிடியாகக் காரணம் கேட்டான். நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன். அவன் "ஹலோ" என்றான். பேசவில்லை. "மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றான். "இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். பாவம், அவனே நிறுத்திக் கொடுத்துவிட்டான். பூட்டு மென்பொருளையும் எடுத்துவிட்டோம். சுவரில் இருந்த கரி எழுத்தைத் தேய்க்கச் சொன்னால் ஸ்பேனர் அண்ணன், "இருக்கட்டும்மா, ராசியான எழுத்து" என்கிறார்.

பில் போடும் மென்பொருளை மட்டும் தொடவில்லை. அது வாங்குகிற காசுக்கு உழைக்கிறது. உழைக்கிற யாரையும் நான் நிறுத்தப் போவதில்லை.

மிச்சம் இருப்பது பெரிய முதலை. மெக்கானிக்குகளை வேலைக்கு அனுப்பும் அந்த மென்பொருள். பையன்கள் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறது. தலைகளை எண்ணினேன். வேலையை விட்டுப் போய் வேறு ஊரில் கடை வைத்துவிட்ட இரண்டு பேர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள். பட்டியலில் முதல் பெயர் அப்பாவுடையது. அவர்தான் நிர்வாகி. பக்கத்தில் பச்சைப் புள்ளி. 'செயலில் உள்ளார்.' கொஞ்ச நேரம் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பெயரை நீக்க எனக்குக் கை வரவில்லை என்று இத்தனை நாள் விட்டு வைத்தது நான்தான். அதற்கும் ஒருவன் வாடகை வாங்கிக்கொண்டிருக்கிறான்.

மேஸ்திரிக்கு வருடச் சந்தா. ஜூன் இருபதாம் தேதி தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கார்டிலிருந்து உருவிக்கொள்வான். அது போனால் ஒருவர் சம்பளம் போனது போல. ரசீது நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், கம்பெனிப் பெயர் அதில் இருக்கிறது. எப்படிக் கழற்றுவது என்று எழுது.

ஒன்று கேட்க வேண்டும். எதிர்முனையில் இருப்பவன் திரையில் என்ன எழுதியிருக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்? கோப்பு பார்க்கிறவனுக்குத் தொண்டை ஏன் கட்டுகிறது?

அன்புடன்,
அக்கா

ரேடியோவிடம் நீ கேட்டதாகச் சொல்லவில்லை. "அவன் உன்னைப் பத்தி ஒண்ணும் கேக்கல" என்று மட்டும் சொன்னேன். "நான் கேட்டேனா?" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

•

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

நலம். அம்மாவின் காலுக்குச் சூடான ஒத்தடம் கொடு.

ரசீதைப் பார்த்தேன். அதை மட்டும் விட்டுவிடு. நல்ல மென்பொருள்தான். மற்றவற்றில் மிச்சப்படுத்தியது போதும். வேலை அதிகம், பிறகு விரிவாக எழுதுகிறேன்.

தம்பி

•

ஏப்ரல் 20

தம்பிக்கு,

அம்மா நலம். பட்டறை நலம். 

உன் கடிதம் ஒரு உள்ளங்கை அளவு இருந்தது. நல்ல மென்பொருள் என்று எழுதியிருந்தாய். நான் கேட்டது அது நல்லதா என்று இல்லை.

நானே போன் செய்தேன், முதல் வாரத்தில். பொத்தான் கிடையாது, ஒரு பெண் எடுத்தாள். சின்ன வயது. எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"நிர்வாகிதான் மேடம் கேன்சல் பண்ண முடியும். அவரைப் பேசச் சொல்லுங்க."

"அவரால பேச முடியாது."

"எப்போ பேச முடியும் மேடம்?"

"அவர் எங்க அப்பா. இறந்துட்டார்."

தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் மாறியது. எதையோ பார்த்துப் படிக்கிற குரல்.

"உங்க இழப்புக்கு ரொம்ப வருந்தறோம் மேடம். அவர் கை தொட்டது எதுவும் நின்றுபோகாது. அவர் நினைவா இந்தக் கணக்கை மூணு மாசம் இலவசமா நீட்டிச்சுத் தர்றோம். அதுக்கப்புறம் வழக்கமான கட்டணம் தொடரும்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். ஒரு எழுத்துப் பிசகாமல் இன்னொரு தடவை சொன்னாள்.

போனை வைத்துவிட்டுப் போய் கம்ப்ரஸர் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது. பாதிதான் வந்தது. 'நின்றுபோகாது' மட்டும் இரும்பில் அப்படியே இருக்கிறது.

உன்னிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. அதை நான் எழுதப் போவதில்லை.

நிறுத்தச் சொல்வது யாரை என்று கேட்டிருந்தாயே. ரேடியோவை. மேஸ்திரி இருக்கும்போது அழைப்பை எடுத்து ஆளை அனுப்ப இன்னொரு பெண் எதற்கு என்கிறார் ஆடிட்டர். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்கா

•

மே 18

தம்பிக்கு,

நாங்கள் நலம் என்று எழுதினால்தான் நீ பதில் எழுதுவாய் என்றால், நலம்.

நீ அம்மாவுக்குக் கூடப் போன் செய்யவில்லை. அவள் தபால்காரரைப் பார்த்தாலே வாசலுக்குப் போகிறாள், அந்தக் காலோடு. ஆடிட்டர் மறுபடி வந்துபோனார். அவர் போன பின்பு ரேடியோ தன் மேசை டிராயரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "சும்மா, தூசி" என்றாள்.

ஜூன் இருபதுக்கு அதிக நாளில்லை. நீ என் தம்பியா, அந்தக் கம்பெனியின் தம்பியா என்று மட்டும் எழுது. ஒரு வரி போதும்.

அக்கா

•

மே 27

அன்புள்ள அக்கா,

உன் தம்பி.

என் வேலைக்கு இங்கே 'தக்கவைப்புப் பிரிவு' என்று பெயர். கேன்சல் செய்யக் கூப்பிடுகிறவர்களைச் செய்யவிடாமல் பேசுவது. மேஸ்திரியை விற்கிற கம்பெனியில்தான். காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டுகிறது. ஒரு நீள அறை, வரிசையாக நாங்கள், தலைக்கு மேலே பலகை. அதில் யார் எத்தனை பேரைப் பிடித்தோம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். பாத்ரூம் போனாலும் எண் இறங்கும். ஊரில் எல்லோரிடமும் வாடிக்கையாளர் உறவு என்று சொன்னேன். உறவு என்றால் விடாமல் பிடித்துக்கொள்வதுதானே என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

அந்த வரியை நான் விற்கவில்லை. அப்பா போன கொஞ்ச நாளில் கணவனை இழந்த ஒரு அம்மாள் கூப்பிட்டார். அழுதார். நானும் அழுகிற நிலையில்தான் இருந்தேன். உனக்கு எழுதிய அதே வரி வாயில் வந்துவிட்டது. அவர் நன்றி சொல்லிவிட்டு, கேன்சல் வேண்டாம் என்று வைத்துவிட்டார். எங்கள் அழைப்பெல்லாம் பதிவாகும். மேலாளர் அதைக் கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் அது எல்லோர் திரையிலும் வந்தது, 'கணக்கு வைத்திருப்பவர் இறந்திருந்தால்' என்ற தலைப்பில், மூன்று மாத இலவசத்தோடு. எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் உன் நேரம் வீண். வேலையைப் பார்ப்போம்.

அப்பாவின் இரும்பு அலமாரியில் மேல் தட்டைத் திற. மேஸ்திரி கம்பெனியோடு அவர் போட்ட பழைய ஒப்பந்தம் இருக்கும். கம்பெனி ஆரம்பித்த புதிதில் சேர்ந்தவர்களுக்கெல்லாம் அதே காகிதம்தான். கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தைப் படி. கடை உரிமையாளரோ வாரிசோ கையெழுத்திட்டு, தலைமை அலுவலக முகவரிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினால், அது போய்ச் சேர்ந்த நாளிலேயே சந்தா முடிந்துவிடும். காரணம் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. பிறகு வந்த ஒப்பந்தங்களில் இதை எடுத்துவிட்டார்கள். பழையதில் எடுக்கவில்லை, ஏனென்றால் இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுவார்கள் என்ற தைரியம். நம் வீட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது.

போனுக்கு ஆள் இருக்கிறது, மெயிலுக்கு ஆள் இருக்கிறது. கடிதத்தைத் தக்கவைக்க ஆள் இல்லை.

இரண்டு வரிக்கு மேல் எழுதாதே. மரியாதையாக எழுது. இது கிடைத்த மறுநாளே அனுப்பு, ஒப்புகை அட்டையோடு. அது மட்டும் முத்திரையோடு திரும்பி வந்துவிட்டால் ஒருவனும் உன் கார்டைத் தொட முடியாது.

ரேடியோவை நிறுத்தாதே.

உன் தம்பி

•

ஜூன் 28

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம், நான் மிக நலம், பட்டறை ஆனந்தமாக இருக்கிறது. ஒரே மூச்சில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

ஒப்பந்தம் நீ சொன்ன தட்டில், நீ சொன்ன பக்கத்தில் இருந்தது. அதன் மேல் அப்பாவின் கிரீஸ் விரல் தடம். கடிதத்தை நானே கையால் எழுதினேன். 'இந்த ஒப்பந்தத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறோம். இதுவரை அளித்த சேவைக்கு நன்றி.' அவ்வளவுதான். தபால் அலுவலகத்தில் கவுன்டர் பெண், "கம்பெனிக்குப் பதிவுத் தபாலா? கேஸ் போடறீங்களா?" என்றாள். "இல்லை, குட்பை சொல்றோம்" என்றேன்.

ஒப்புகை அட்டை முத்திரையோடு திரும்பி வந்த அன்று ஸ்பேனர் அண்ணன் அதைச் சுவரில் கரி எழுத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்தார். ஜூன் இருபது வந்தது. கார்டுக் கணக்கைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பைசா போகவில்லை. டயர் கடைக்காரர் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார்.

முதல் வாரம் கூத்துதான், அதையும் மறைக்கவில்லை. மேஸ்திரி இல்லாமல் பழகவில்லையே. பல் டாக்டர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு மெக்கானிக்குகள் ஒரே நேரத்தில் போய் நின்றார்கள், ஒரே ஏணியோடு. டாக்டர், "ஒரு ஏசிக்கு ரெண்டு பேரா, நான் ஒரு பல்லுக்கு ரெண்டு தடவை பில் போட்டா ஒத்துப்பீங்களா?" என்று கேட்டிருக்கிறார். ரேடியோவும் அன்றைக்கு இரண்டு தடவை குழப்பினாள், நான் மூன்று. பிறகு இலவசமாகக் கிடைக்கிற அட்டவணை ஒன்றை எல்லோர் போனிலும் ஏற்றி, பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகையும் மாட்டினோம். இப்போது யார் எங்கே என்று கேட்டால் எல்லோருக்கும் தெரிகிறது.

ஆடிட்டர் வந்தார். மிச்சமானதை அவர் முன்னால் வைத்தேன். ரேடியோவின் சம்பளம் போக, அவளுக்கு உயர்வும் கொடுத்து, பையன்களுக்குப் புது ஏணியும் வாங்கலாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல விஷயம்தான். ஆனா ஒரு ஆளைக் குறைச்சிருந்தா இன்னும்..." என்று ஆரம்பித்தார். "சார், உங்க ஆபீஸ்ல மாசம் எத்தனை சந்தா போகுதுன்னு தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றார். "பாத்துட்டு வாங்க, அதுவரைக்கும் எங்க ஆளுங்க இங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

பிறகு ரேடியோவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "தெரியும். ஆடிட்டர் ரகசியம் பேசினா அடுத்த தெருவுக்குக் கேக்கும். வேற வேலை தேடிட்டுதான் இருந்தேன்" என்றாள். "இப்போ?" என்றேன். "ஏணி வாங்கறப்போ எனக்கு ஒரு நல்ல நாற்காலியும் வாங்குங்க" என்றாள்.

இன்னும் முடியவில்லை. டயர் கடைக்காரர் அட்டையைப் பார்த்துவிட்டுத் தன் பழைய ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேலைக்கு ஆள் அனுப்புகிற கடை, வருகிறவர்களுக்கு நேரம் குறிக்கிற கடை எல்லாம் அந்தக் காலத்தில் அதே மேஸ்திரியிடம்தான் விழுந்திருக்கிறது. அடுத்து லேத் பட்டறைக்காரர், சலவைக் கடைக்காரர், பல் டாக்டரும் கூட. ரேடியோ மேசையில் உட்கார வைத்து ஒவ்வொருவரையும் இரண்டு வரி எழுத வைக்கிறாள். அதிகம் எழுதினால் அடிக்கிறாள். தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை எல்லோர் கையிலும் மை.

உன் அறைக்குத் தபால் வந்தால் பயப்படாதே.

உன்மீது கோபம் இருக்கிறது. தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். குறைந்திருக்கிறது என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா

•

ஜூலை 19

அன்புள்ள அக்கா,

நான் நலம். தொண்டை சரியாகிவிட்டது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

வந்தது. ஒரு சாக்கு. காவலாளி அதை அறை நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மேலாளர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "கால் வந்தா ஒரு வரிசை, மெயில் வந்தா ஒரு வரிசை. இதை எந்த வரிசைல போடறது?" என்று கேட்டார். சட்டப் பிரிவிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அவர் ஒரு கடிதத்தைப் படித்தார், ஒப்பந்தத்தைப் படித்தார், மறுபடி கடிதத்தைப் படித்தார். "செல்லும்" என்று ஒரே சொல் சொல்லிவிட்டு, தன் பெயரை யாரும் கேட்பதற்கு முன் போய்விட்டார்.

கடிதங்களைப் பிரிக்கிற வேலை எனக்கு வந்தது. அறையில் கைக்கடிதம் படித்துப் பழகியவன் நான் ஒருவன்தானாம். லேத்காரரின் காகிதத்தில் எண்ணெய். சலவைக் கடைக்காரர் கடிதத்தை இஸ்திரி போட்டு அனுப்பியிருக்கிறார், மடிப்பு கத்தி மாதிரி இருக்கிறது. பல் டாக்டர் என்ன எழுதினார் என்று கடவுளுக்கும் மருந்துக் கடைக்காரருக்கும்தான் தெரியும். கையெழுத்து இருந்ததால் அதுவும் செல்லும் என்று முடித்துவிட்டேன். உங்கள் தெரு முடிந்தபின் எனக்குத் தெரியாத தெருக்களிலிருந்தும் வர ஆரம்பித்தது. ஒவ்வொன்றாகப் பிரித்து, கணக்கை மூடி, அன்றைக்கே ஒப்புகை அட்டையில் முத்திரை குத்தினேன். யாரிடமும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க உரிமை இல்லை.

உன்னிடம் பேசிய பெண்ணைக் கண்டுபிடித்தேன். எனக்கு அடுத்த வரிசைதான். சேர்ந்து கொஞ்ச காலமே ஆகிறது, வீட்டுக்கு அவள் சம்பளம் மட்டும்தான். அந்த வரி யாரைப் பற்றியது என்று சொன்னேன். மறுநாள் முதல் அதைப் படிப்பதை நிறுத்திவிட்டாள். பக்கத்தில் இருந்தவன் ஏன் என்று கேட்டு அவனும் நிறுத்தினான். அந்த வாரம் முடிவதற்குள் வரிசை முழுக்க யாரும் படிக்கவில்லை. மேலாளர் ஒருவனை எழுப்பி நிறுத்தி, திரையில் இருப்பதை ஏன் படிக்கவில்லை என்று கத்தினார். "கண்ணு தெரியல சார்" என்றான். அடுத்தவனைக் கேட்டார், அவனுக்கும் தெரியவில்லையாம். அத்தனை பேரையும் நிறுத்தினால் போனை யார் எடுப்பது? இப்போது அந்த வரி திரையிலேயே இல்லை.

பலகையில் என் எண் பூஜ்யத்தில் நின்றது. கூப்பிட்டு எச்சரித்தார்கள். இங்கே வேலையை விடுகிறேன் என்று சொன்னால் அதற்கும் ஒரு தக்கவைப்புப் பிரிவு உண்டு. கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காரணம் கேட்டு, பதவி உயர்வு போல ஒன்றைக் காட்டி, ஆளைக் கரைத்துவிடுவார்கள். அதனால் என் நியமன உத்தரவை எடுத்துப் படித்தேன். நீ சிரிப்பாய். எழுத்துமூலம், கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில்.

தெருமுனைத் தபால் அலுவலகத்துக்குப் போய் அனுப்பினேன். நான் வேலை செய்கிற கட்டடத்துக்கு நானே பதிவுத் தபால் அனுப்பினேன். அது வந்து சேர்ந்ததும் என் மேசைக்கே வந்தது, ஏனென்றால் கடிதம் பிரிக்கிறவன் நான்தான். பிரித்தேன். படித்தேன். முத்திரை குத்தி மேலாளரிடம் கொடுத்தேன். அவர் வாயைத் திறந்தார். நான் ஒன்றும் பேசாமல் நின்றேன். மௌனத்துக்குப் பதில் இன்னும் எழுதி வைக்கவில்லை.

அன்றிலிருந்து தொண்டை சரி.

ஆகஸ்ட் பாதியில் வருகிறேன். வேலை கிடையாது, சேமிப்பு கொஞ்சம்தான். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

உன் தம்பி

பி.கு.: இந்தத் தடவை நான் ரேடியோவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை என்று அவளிடம் சொல்.

•

ஆகஸ்ட் 4

வணக்கம்.

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அம்மாவின் கால் பரவாயில்லை. நீங்கள் வருகிறீர்கள் என்று கேட்டதும் ஒத்தடம் வேண்டாம் என்றுவிட்டார். அக்கா மெக்கானிக்குகளோடு ஒரு பெரிய கட்டட வேலைக்குப் போயிருக்கிறார். பதிலை என்னை எழுதச் சொன்னார். இரண்டு வரிக்கு மேல் எழுதினால் அடிப்பாராம். அடிக்கட்டும்.

முதலில் வேலை விஷயம். தெருவில் பாதிப் பேர் மேஸ்திரியை விட்டார்களே தவிர, மற்ற சந்தாக்களில் எது வேண்டும், எதை விடலாம் என்று தெரியாமல் பில்லைத் தூக்கிக்கொண்டு தினமும் என் மேசைக்கு வருகிறார்கள். என்னால் போனை எடுக்க முடியவில்லை. வெளியே போய் உட்கார்ந்து அவர்களுக்கு அதைப் பார்த்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். சுளையாகக் கிடைக்காது, ஆனால் எல்லோரும் கொடுப்பதாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முதலில் கையெழுத்துப் போட்டவர் யார் தெரியுமா? ஆடிட்டர். அவர் ஆபீஸில் கூட்டிப் பார்த்திருக்கிறார்.

கம்ப்ரஸர் மேல் பாதி கிழிந்திருந்த வரியின் மிச்சத்தை நான் மறுபடி எழுதி ஒட்டியிருக்கிறேன். அக்கா பார்த்தார், கிழிக்கவில்லை. மேஸ்திரியின் பட்டியலில் உங்கள் அப்பா பெயர் பச்சைப் புள்ளியோடு இருந்தது. வெள்ளைப் பலகையில் புள்ளி கிடையாது. அவர் பெயரை மேலே தலைப்பாக எழுதியிருக்கிறோம். அதற்கு யாருக்கும் வாடகை இல்லை.

பிப்ரவரியிலிருந்து உங்கள் கடிதம் வந்த ஒவ்வொரு தடவையும் உங்கள் அக்கா என் மேசைக்கு வந்து, "அவன் உன்னைப் பத்தி ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிவிட்டுப் போவார். கேட்காத ஒருவரைப் பற்றி ஒருவர் வேலை மெனக்கெட்டு வந்து சொல்வாரா? இரண்டு மாதம் கடிதமே வராதபோது அவர் அப்படிச் சொல்ல வரவில்லை. அப்போதுதான் எனக்கு வேறு வேலை தேடத் தோன்றியது.

எனக்குப் புது நாற்காலி வந்துவிட்டது. பழையதைத் தூக்கிப் போடவில்லை, மேசைக்கு எதிரே போட்டிருக்கிறேன். கால் கொஞ்சம் ஆடும். வந்து உட்கார்ந்து, கேட்க வேண்டியதை நேரில் கேளுங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் விசாரிக்காதவள்